ஆபீஸில் ஒரே ஒரு முகமூடி

மகப்பேறு லீவு கேட்ட எங்கள் டீம் பெண்ணை மேனேஜர் ராஜினாமா செய்யச் சொன்னதைப் பற்றி, இன்று காலை கம்பெனியின் புகார்ப் பக்கத்தில் பெயர் போடாமல் எழுதினேன்.

ஆளை மறைக்கும் டோர் வலை, அதற்குள் ஒரு விபிஎன். மைசூரில் எவனுக்கும் தெரியாது என்ற திமிரில் ஆபீஸ் வைஃபையிலிருந்தே அனுப்பினேன்.

மதியம் நெட்வொர்க் பார்க்கும் சௌமியா என் சீட்டுக்கு வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"நோடு ரகு, இங்க பாரு, நீ என்ன அனுப்பினேன்னு எனக்குத் தெரியாது. ஆனா இன்னிக்கு இங்க டோர் ஓட்டினது உன் லேப்டாப் மட்டும்தான். யாருன்னு மேனேஜர் கேக்கறார்."

"சொல்லிட்டியா?"

"சாயங்காலத்துக்குள்ள சொல்லணும். பொய் சொல்ல முடியாதுப்பா."

அதே புகாரை என் பெயர் போட்டு மறுபடி அனுப்பிவிட்டேன்.

முகமூடியைக் குறை சொல்ல மாட்டேன். அடுத்த முறை கூடவே போட்டுக்கொள்ள நாலு பேர் வேண்டும். யார் வருகிறீர்கள்?