மரக்காணம் மாதா கோயில்: தூணுக்குள் போன என் கை

பழைய கட்டடம் என்றால் எனக்குச் சோறு தண்ணி வேண்டாம். மரக்காணம் உப்பளங்களுக்கு நடுவே சின்னதாக ஒரு மாதா கோயில் இருக்கிறது, உள்ளே இருக்கும் கமான் வளைவுகளைப் பார்த்தால் சொக்கிப்போவாய் என்று தோழி உசுப்பிவிட்டாள். தை முடியப்போகும் நேரம், ஒரு சனிக்கிழமை கிளம்பினேன். அன்றைய அதிர்ச்சி இன்னும் தீரவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் முப்பத்தைந்து கிலோமீட்டர். காலை ஏழு மணி பஸ் பிடித்து எட்டேகாலுக்கு இறங்கினேன். அங்கிருந்து ஆட்டோ, போகவர நானூறு ரூபாய். ஓட்டியவர் கூனிமேட்டு பஷீர் பாய். "எல்லாரும் பாண்டிச்சேரி சர்ச்சப் பார்க்கப் போறாங்க, நீங்க அங்கேர்ந்து இங்க வர்றீங்களே!" என்று வழியெல்லாம் கிண்டல்.

கோயில் ஒரு பஸ் நீளம்தான் இருக்கும். கோபுரம் கிடையாது. முகப்புச் சுவரையே மேலே உயர்த்தி, ஒரு திறப்பு விட்டு மணியைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். செங்கலும் கிளிஞ்சல் சுண்ணாம்பும். உள்ளே பக்கத்துக்கு மூன்று தூண்கள், அவற்றின்மேல் கூர்முனைக் கமான்கள். ஐரோப்பாவின் இடைக்காலச் சர்ச்சுகளை மனத்தில் வைத்து யாரோ ஆசையாகக் கட்டியது. எப்போது என்று சொல்லக் கல்வெட்டு இல்லை. வெள்ளைக்காரனுக்கும் முந்தியது என்கிறது ஊர். நான் நம்பவில்லை, ஆனாலும் என்ன அழகு!

சாவி மேரி அக்காவிடம். உப்பளத்தில் கூலி வேலை, கோயிலைப் பெருக்கி மெழுகுவத்தி ஏற்றுவதும் அவர்தான். அடுத்த புதன்கிழமை இதே பீடத்துக்கு முன்னால் அவர் மகளுக்குக் கல்யாணம். பார்த்த ஐந்தாவது நிமிடமே என்னையும் அழைத்துவிட்டார்.

தூண்களின் அடியில் இடுப்பளவு உப்பு குவிந்திருந்தது. வருடத்தின் முதல் உப்பை மாதாவுக்குக் கொட்டுவது இங்கே வழக்கம். பழையதை யாரும் எடுப்பதில்லையாம். தூண்கள் ஈரமாக மினுமினுத்தன.

"காலையில மாதாவுக்கு வேர்க்கும்ங்க. நமக்காகப் பாடுபடுறாங்கல்ல," என்றார் மேரி அக்கா.

எனக்குப் பகீர் என்றது. கடலோரத்து எங்கள் வீட்டுச் சுவரும் உப்பேறி இப்படித்தான் வேர்த்து வேர்த்து, ஒரு நாள் பாளம் பாளமாக விழுந்தது. முட்டி போட்டு உப்பைத் தள்ளினேன். ஐயோ, பின்னால் பாதித் தூணைக் காணோம்! செங்கல் சிவப்பு மாவாகக் கொட்டுகிறது. முழங்கைவரை கை உள்ளே போய்விட்டது. தலைக்கு மேல் இருக்கும் பாரமெல்லாம் எதன்மேல் நிற்கிறது?

"யா அல்லா! ரெண்டு பேரும் வெளிய வாங்க!" என்று வாசலிலிருந்து கத்தினார் பஷீர் பாய்.

மேரி அக்கா நகரவில்லை. தன் கையையும் விட்டுப் பார்த்தார். "எங்க மாமனாரு கொட்டனாரு, எங்க வூட்டுக்காரரு கொட்டனாரு, போன வாரம் நான் கொட்டனேன். மாதாவுக்குன்னு சொல்லிச் சொல்லி நாங்களே அரிச்சுட்டமா?"

ஒருவழியாக வெளியே வந்ததும் மேரி அக்கா பக்கத்து ஊர்ப் பாதிரியாருக்கு போன் போட்டார். இன்ஜினியரோடு வரும்வரை பூட்டி வைக்கச் சொன்னார் அவர். விஷயம் கேட்டு மகள் ஓடிவந்தாள். "பத்திரிகையில கோயில்னு அடிச்சாச்சும்மா! இத்தினி வருஷம் நின்னுச்சு, ஒரு மணி நேரம் நிக்காதா?"

"நிக்கலன்னா? ஊரே உள்ள இருக்கும்டி," என்று சொல்லிப் பூட்டைப் போட்டார். அந்தப் பெண் படியிலேயே உட்கார்ந்து அழுதது.

கல்யாணம் வெளியே பந்தலில் நடந்ததாக பஷீர் பாய் பிறகு போனில் சொன்னார். அசட்டையால் பாழான கட்டடங்கள் நிறையப் பார்த்திருக்கிறேன். பிரியத்தால் அரித்துப்போனதைப் பார்த்தது இதுதான் முதல் தடவை. என்னால் ஜீரணிக்கவே முடியவில்லை.

போகிறவர்கள் பத்து மணிக்குள் போய்விடுங்கள், உப்பில் பட்ட வெயிலில் கண் கூசும். தண்ணீர் கையோடு இருக்கட்டும், வழியில் கடை இல்லை. முகப்பையும் மணியையும் தள்ளி நின்றே பாருங்கள். உள்ளே போக வேண்டும் என்று மேரி அக்காவிடம் சாவி கேட்காதீர்கள். பெற்ற மகள் கல்யாணத்துக்கே அவர் தரவில்லை.