மண்ணெண்ணெய் டைமிங்

எங்கள் அப்பாவுக்குத் தூசியைக் கண்டால் ஆகாது. இத்தாலியில், பலெர்மோவில் வீட்டு வேலைக்குப் போன தமிழர்களில், சொல்லாத இடத்தையும் துடைத்துவிட்டு வருகிற ஒரே மனிதர் அவராகத்தான் இருக்கும். அந்தக் குணம் அவருக்கு வீட்டுக்கார அம்மாவான சின்யோராவிடம் நல்ல பெயர் வாங்கிக் கொடுத்தது. ஒருமுறை எங்கள் சோற்றில் மண் போடவும் பார்த்தது.

சின்யோராவின் வீடு ஸ்ஃபெர்ராகவால்லோவில் கடலைப் பார்த்தபடி இருந்தது. மகனுக்கு மிலானோவில் வேலை. அவருடைய பழைய அமெரிக்கக் கார் ஒன்று, வள்ளம் மாதிரி நீளம், இங்கே கராஜில் போர்வை போர்த்திக் கிடக்கும். லீவில் வந்தால் அதைத் தெருவிலும் ஓட்டுவார், நேர் ரோட்டில் பந்தயமும் விடுவார். கிழமைக்கு ஒருதரம் அதை ஸ்டார்ட் செய்து வைப்பது அப்பாவின் வேலை. அதற்குமேல் ஒரு விரல்கூட அதில் படக்கூடாது என்பது மகனின் கட்டளை.

ஞாயிற்றுக்கிழமை மகன் வருகிறார் என்றதும் அப்பாவின் கை சும்மா இருக்கவில்லை. பொனெட்டைத் திறந்து எஞ்சினையும் பளபளவென்று துடைத்தார். பிளக்குகளுக்குப் பொறி அனுப்புகிற டிஸ்ட்ரிபியூட்டரின் பின்பக்கத்தில் அழுக்கு இருந்ததாம். டிஸ்ட்ரிபியூட்டரே கொஞ்சம் இளகியிருந்ததால் அதைத் திருகித் திருகித் துடைத்திருக்கிறார். பிறகு சாவியைப் போட்டால் கார் இருமுகிறது, படார் என்று வெடிக்கிறது, ஓடமாட்டேன் என்கிறது.

அன்று சீசா என்ற பகுதியில் இருந்த எங்கள் வீட்டில் யாரும் வாய்க்கு ருசியாகச் சாப்பிடவில்லை. "சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. உங்களை ஆர் துடைக்கச் சொன்னது?" என்று அம்மா அழுதார். வேலை போனால் பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்க முடியாது, அது இல்லாவிட்டால் இந்த நாட்டில் இருக்க முடியாது என்பதெல்லாம் எனக்கு ஒன்பது வயதிலேயே மனப்பாடம். அம்மா நல்லூர் முருகனுக்கு ஒரு நேர்த்தி வைத்தார். எதற்கும் இருக்கட்டும் என்று இந்த ஊர்ப் புனிதை சாந்தா ரொசாலியாவுக்கும் வெறுங்காலுடன் மலையேறுவதாக இன்னொன்று வைத்தார். இரண்டு பேரில் யாருக்குக் கார் திருத்தத் தெரியும் என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது.

சித்தப்பாவுக்குத் தெரியும். அப்பாவின் தம்பி, யாழ்ப்பாணத்தில் வாடகைக்கு ஹயர் கார் ஓட்டினவர், தன் காரைத் தானே திருத்தினவர். கொஞ்ச நாளைக்கு முன்புதான் எங்களிடம் வந்திருந்தார். அதிகம் கதைக்கமாட்டார். கேட்டதற்கு மட்டும் பதில் வரும்.

சனிக்கிழமை பஸ் பிடித்துப் போனோம். "டைமிங் எண்டால், பொறி சரியான நேரத்திலை விழவேணும் பிள்ளை. முந்தவும் கூடாது, பிந்தவும் கூடாது" என்று சித்தப்பா எனக்கு விளங்கப்படுத்தினார். கருவி ஒன்றும் இல்லை, எல்லாம் காதுக் கணக்குத்தான். டிஸ்ட்ரிபியூட்டரை ஒரு பக்கம் திருப்ப எஞ்சின் உறுமியது. அவர் முகத்தைச் சுளித்து மற்றப் பக்கம் மெல்ல மெல்லக் கொண்டுபோனார். சத்தம் அடங்கியதும் இறுக்கிவிட்டார்.

"இவ்வளவுதான் அண்ணை. எல்லாம் எஞ்சின்தானே" என்றார். அப்பாவுக்கு உயிர் வந்தது.

மறுநாள் என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். அப்பாவின் இத்தாலியன் குசினி வாசலைத் தாண்டாது, சித்தப்பாவுக்கு அதுவும் இல்லை. பெரிய கதை என்றால் நான்தான் வாய். மகன் காரை எடுத்துக்கொண்டு மலைப்பக்கம் போனார். நாங்கள் கேற்றடியில் நின்றோம். அப்பா துடைத்த யன்னலையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார். கார் திரும்பி வந்தபோது முன்பக்கம் முழுவதும் ஆவி. மகன் கதவை அடித்துச் சாத்தினார்.

"யார் இதைத் தொட்டது?"

அப்பா வாயைத் திறக்கப் பார்த்தார். அதற்குள் சித்தப்பா முன்னால் வந்துவிட்டார். "நான்தான் எண்டு சொல்லு பிள்ளை. அண்ணையைப் பற்றி ஒண்டும் சொல்லாதை." சொன்னேன். சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.

மகன் டைமிங் பார்க்கிற, துவக்கு மாதிரி ஒரு லைட்டைக் கொண்டுவந்து எஞ்சினுக்குள் அடித்துப் பார்த்தார். பொறி எவ்வளவோ பிந்தி விழுகிறது, எந்தப் பைத்தியக்காரன் இப்படி வைப்பான் என்று கத்தினார். நான் பைத்தியக்காரனை விட்டுவிட்டு மற்றதைச் சொன்னேன். சித்தப்பா நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"ஐயோ, மண்ணெண்ணெய்க்கு வைச்சிட்டன்!"

சண்டைக்காலத்தில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வரவிடமாட்டார்கள். ஸ்டார்ட் பண்ண மட்டும் ஒரு மூடி பெற்றோல், பிறகு ஓடுவதெல்லாம் மண்ணெண்ணெயில். அதற்குப் பொறி பிந்தித்தான் விழவேண்டும். இத்தனை வருடமும் பழகின கை, அந்த இடத்துக்கே போய்விட்டது. இதை நான் இத்தாலியனில் சொன்னதும் மகன் நம்பாமல் இரண்டாம் தரமும் சொல்லச் சொன்னார். பிறகு பொனெட்டில் தட்டித் தட்டிச் சிரித்தார். கோபம் எங்கே போனதோ தெரியாது. சித்தப்பாவைக் கிட்டக் கூப்பிட்டு லைட்டைக் கையில் கொடுத்து, இரண்டு பேருமாகக் குனிந்து டைமிங்கைத் திரும்ப வைத்தார்கள். கார் போட்ட சத்தத்தில் சின்யோரா மேல் யன்னலைத் திறந்து எல்லோரையும் ஏசினார். அப்பா வாய்விட்டுச் சிரித்தார். அப்பாடா, வேலை போகவில்லை!

அப்போது சித்தப்பா என்னிடம் மெல்லச் சொன்னார். "ஒண்டு கேட்டுச் சொல்லு பிள்ளை. மண்ணெண்ணெயிலை ஓடுற கார், நான் நேற்று வைச்ச மாதிரி வைச்சிருந்தா, பாரத்தோடை தூரம் போகேக்கை நிண்டிடுமோ?"

கேட்டேன். மகன் தலையை நிமிர்த்தாமலே பதில் சொன்னார். எனக்கிருந்த சந்தோஷப் புளுகத்தில் அதை ஒரு சொல்லும் விடாமல் ஒப்புவித்தேன்.

"ஓமாம் சித்தப்பா, கொதிச்சு நிண்டிடுமாம். நீங்கள் வைச்சது மண்ணெண்ணெய்க்கே அளவுக்கு மிஞ்சிப் பிந்தினதாம். ஒரு நூல் முன்னுக்கு வைச்சிருந்தா நிண்டிருக்காதாம்!"

"ஓமோ" என்றார். பைப்படியில் போய்க் கனநேரம் கை கழுவினார். மகன் எங்களுக்கு வாங்கித் தந்த ஜெலாத்தோ அவர் கையிலேயே உருகி வடிந்தது. பிற மனிதருக்கு முன்னால் பிழை விட்ட வெட்கமாக்கும் என்று நினைத்துக்கொண்டு, அதையும் நானே வாங்கிச் சாப்பிட்டேன்.

எனக்குக் கலியாணம் முடிந்த பிறகுதான் அம்மா சித்தியின் கதையைச் சொன்னார். சண்டைக்காலத்தில் சித்தி பிள்ளைப்பேற்று நோவோடு ஆஸ்பத்திரிக்குப் போனது சித்தப்பாவின் காரில். டைமிங்கை முதல் நாள் அவரே வைத்திருக்கிறார். பாதி வழியில் கார் கொதித்து நின்றுவிட்டது. தாயும் பிள்ளையும் அந்த வெளியிலேயே போய்விட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் சித்தப்பா மண்ணெண்ணெயைத்தான் திட்டிக்கொண்டிருந்தாராம்.