போகாதே என்று சொல்ல ஆளில்லை

கால்நடை மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்த செய்தி வந்தபோது அவள் ஒரு நாயின் காதுக்குள் இருந்தாள். அதாவது, காதைப் புரட்டிப் பிடித்து, விரலில் பஞ்சைச் சுற்றி அழுக்கெடுத்துக்கொண்டிருந்தாள். மேசைமேல் கிடந்த கைபேசி உறுமியது. அதைக் கேட்டு நாயும் உறுமியது. இரண்டில் எதை முதலில் சமாதானப்படுத்துவது என்று ஒரு கணம் பார்த்து, பல் இருப்பதைத்தான் முதலில் கவனித்தாள்.

வாடிக்கைக்காரர்கள் அவளைக் கத்திரியக்கா என்பார்கள். வீட்டு நாய்களையும் பூனைகளையும் குளிப்பாட்டி, முடி வெட்டி, நகம் நறுக்கி அனுப்பும் கடையில் பன்னிரண்டு வருஷமாக வேலை. கல்யாணத்துக்கு முன்னால் விலங்கியலில் பட்டம் வாங்கியிருந்தாள். அந்தப் பட்டம் அலமாரியில் போர்வைகளுக்கு அடியில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது. வயது முப்பத்தெட்டு.

இந்த வயதில் படிப்பு ஆசை எங்கிருந்து வந்தது என்றால், கட்டிகளிலிருந்து வந்தது. முடியைக் கத்தரித்துக்கொண்டே போகும்போது சில நாய்களின் தோலில் ஏதாவது கட்டி விரலில் தட்டுப்படும். "டாக்டர்கிட்ட ஒரு நடை காட்டிடுங்க" என்பாள். அவர்களும் தலையாட்டிவிட்டுப் போவார்கள். அடுத்த தடவை வரும்போது கட்டி இருந்த இடத்தில் தையல் தழும்பு இருக்கும்.

"என்னவாம்?" என்று ஆவலாகக் கேட்பாள்.

"ஏதோ எடுத்துட்டாங்கக்கா."

ஏதோ! அந்த ஏதோ அவளை அரித்துப் பிடுங்கியது. யாரோ ஒருவர் சுவாரஸ்யமான கதையை முதல் அத்தியாயத்தோடு கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகிற மாதிரி இருக்கும். பட்டம் பெற்றவர்கள் எந்த வயதிலும் நுழைவுத் தேர்வு எழுதலாம் என்று கல்லூரி அறிவித்ததும், கிடைக்கவே கிடைக்காது என்ற தைரியத்தில் எழுதிப் போட்டாள்.

கிடைத்துவிட்டது.

வெள்ளிக்கிழமை மாலைக்குள் முடிவு சொல்ல வேண்டும். செய்தியின் அடியில் இரண்டு பொத்தான்கள் இருந்தன. ஒன்று 'ஏற்கிறேன்', இன்னொன்று 'அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைக்கிறேன்'. நாயைக் குளிப்பாட்டும் வரை அவளுக்குத் தலைகால் புரியவில்லை. சூடான காற்று ஊதித் துவட்டுவதற்குள் அந்தச் சந்தோஷம் வடிந்துவிட்டது. அப்போதுதான் ஒத்திவைக்கிறேன் என்ற சொல் எவ்வளவு அழகானது என்று அவளுக்குப் பட்டது. வேண்டாம் என்று சொன்ன பழியும் கிடையாது, போகிற பாடும் கிடையாது.

ஆனால் அதற்கு ஒரு சாக்கு வேண்டும். அது தன்னுடைய சாக்காகவும் இருக்கக் கூடாது. குடும்பம் என்று ஒன்று பின்னே எதற்கு இருக்கிறது? வீட்டில் யாராவது ஒருத்தர் 'போகாதே' என்றால் போதும். கண்ணைத் துடைத்துக்கொண்டு பெரிய மனதோடு தியாகம் செய்துவிடலாம். அப்புறம் ஒரு வருஷத்துக்கு அந்த வீட்டில் அவளை எதிர்த்து யாரும் வாய் திறக்க முடியாது.

அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு உட்காரும்போது முகத்தை எவ்வளவு தொங்கப்போட முடியுமோ அவ்வளவு தொங்கப்போட்டுக்கொண்டாள். கணவர் லிஃப்ட் மெக்கானிக். நாளெல்லாம் இருட்டுக் குழிக்குள் தனியாக வேலை பார்ப்பதாலோ என்னவோ, சொற்களைச் செலவழிக்க மாட்டார்.

"என்னங்க, காலேஜ்ல இடம் கிடைச்சிருக்கு."

"நிஜமாவா?"

"ம். ஆனா ஹாஸ்டல்ல தங்கணும். சனிக்கிழமைதான் வீட்டுக்கு வர முடியும்."

"சரி."

"அஞ்சு வருஷம்!"

"டாக்டர்னா சும்மாவா?"

"சமையலை யார் பாக்கறது?"

"நான் பாத்துக்கறேன்."

"நீங்களா? முட்டை உடைக்கத் தெரியுமா உங்களுக்கு?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "பதினாறு மாடி லிஃப்ட்டைக் கழட்டி மாட்டறேன். முட்டைல அப்படி என்ன இருக்கு? ரெண்டே பார்ட்டு."

மறுநாள் காலையில் சமையலறைக்குள் போனவள் திகைத்து நின்றாள். மேடைமேல் ஒரு துணியை விரித்து, கத்தி, கரண்டி, மூடி எல்லாவற்றையும் அளவு வாரியாக அடுக்கி வைத்திருந்தார். வெங்காயத்தை நறுக்குவதற்கு முன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சமையல் முடிய நேரமாகிவிட்டது, வாஸ்தவம்தான். ஆனால் நன்றாக இருந்தது. அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. மகள் இரண்டாம் முறை போட்டுக்கொண்டு, "அம்மா செய்றதுல இந்த மொறுமொறுப்பு வராதுப்பா" என்றாள். வேண்டுமென்றே சொல்லியிருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருக்கலாம். அந்தப் பெண் வஞ்சகமே இல்லாமல் சொன்னாள்.

மகளுக்கு அது பள்ளியின் கடைசி வருஷம்.

"உனக்குப் பரீட்சை இருக்கேடி. நான் பக்கத்துல இல்லாம எப்படிச் சமாளிப்பே?"

"அம்மா, நீ நிமிஷத்துக்கு ஒரு தரம் வந்து படிக்கிறியா படிக்கிறியான்னு கேக்காம இருந்தா, ஒருவேளை நான் படிச்சாலும் படிச்சிடுவேன்." சொல்லிவிட்டு, அளவு நாடாவோடு அம்மாவின் அலமாரிப் பக்கம் போனாள். பாதி காலியானால் தன் துணியை வைக்கலாமாம்.

போகட்டும், மாமனார் இருக்கிறார். அவரைத்தான் கடைசித் துருப்பாக வைத்திருந்தாள். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணில் புரை. கல்லூரி திறக்கிற அதே மாதத்தில் அறுவை சிகிச்சைக்கு நாள் கொடுத்திருந்தார்கள். சொட்டு மருந்து விட வேண்டும், கைப்பிடித்து நடத்த வேண்டும். இதைவிட ஒரு மருமகளுக்கு வேறென்ன சாக்கு வேண்டும்? எப்படிப் பேச்சை ஆரம்பிக்கலாம் என்று புதன்கிழமை வேலைக்குப் போகிற வழியெல்லாம் ஒத்திகை பார்த்தாள்.

மாலையில் வீடு திரும்பினால், மாமனார் ஒரு கண்ணில் கட்டோடு சாய்வு நாற்காலியில் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"ஐயையோ! என்ன மாமா இது?"

"காலைல ஆஸ்பத்திரிக்குப் போனேன். யாரோ ஒருத்தர் பயந்துக்கிட்டு வரலையாம், இடம் காலியா இருந்துச்சு. நான் படுத்துட்டேன்."

"யாரையும் துணைக்குக் கூப்பிடாமயா? எனக்கு ஒரு போன் பண்ணக் கூடாதா?"

"உன்னைக் கூப்பிட்டா நீ என்ன சொல்லியிருப்பே? 'மாமா கண்ணு நல்லாகட்டும், காலேஜை அடுத்த வருஷம் பாத்துக்கலாம்'னு மூக்கைச் சிந்தியிருப்பே. ஏம்மா, நான் முப்பது வருஷம் வண்டிக்குக் கொடி காட்டினவன். வண்டி கிளம்பற நேரத்துல கதவைப் புடிச்சிக்கிட்டு ஏறவும் மாட்டாம இறங்கவும் மாட்டாம நிக்கிற ஆளை எனக்குப் பாத்தாலே தெரியும். ஒரு கண்ணு போதும்."

அவள் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். இத்தனை வருஷம் ஓடி ஓடி உழைத்ததற்கு ஒரே ஒரு 'போகாதே' கூடக் கிடைக்காதா? இவர்களுக்கு நான் இவ்வளவுதானா? மூக்கைத் துடைத்தபோது துண்டு மடித்து வைக்கப்பட்டிருந்த நேர்த்தி கண்ணில் பட்டது. அதுவும் கணவரின் கைவரிசை. இன்னொரு தடவை அழுதாள்.

வியாழக்கிழமை கடைக்குப் போனாளே தவிர, புத்தி கடைக்குப் போகவில்லை. அன்று வந்தது வக்கீலின் நாய். வக்கீலுக்கும் பெரிய மீசை, நாய்க்கும் பெரிய மீசை. இரண்டு பேரும் சேர்ந்து தெருவில் நடந்தால் அண்ணன் தம்பி என்று சொல்லிவிடலாம். அந்த மீசைக்காகவே அந்த நாயை வாங்கினார் என்று பேச்சு. மெஷினைப் பிடித்துக்கொண்டு 'ஒருத்தர்கூடச் சொல்லலையே' என்று நினைத்தபடி கன்னத்தில் ஓர் இழுப்பு இழுத்தாள். பொத்தென்று ஒரு கொத்து முடி மேசைமேல் விழுந்தது. பாதி மீசை போய்விட்டது.

முதலாளியம்மா வந்து பார்த்தார். நாயை இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தார், அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தார். "மிச்சத்தையும் எடுத்துடு" என்று பெருமூச்சு விட்டார்.

வக்கீல் வந்ததும் கூண்டுகளை எல்லாம் எட்டிப் பார்த்துவிட்டு, "என் பையன் எங்கே?" என்றார். அவன் அவர் காலடியில்தான் வாலாட்டிக்கொண்டு நின்றான்.

"இப்பல்லாம் இதுதான் சார் ஃபேஷன்" என்றார் முதலாளியம்மா, கண்ணிமைக்காமல். வக்கீல் தன் மீசையை ஒரு தரம் தடவிப் பார்த்துக்கொண்டு நாயைக் கூட்டிப் போனார்.

அவர் தலை மறைந்ததும் முதலாளியம்மா திரும்பினார். "நீ படிக்கப் போறது உனக்கு நல்லதோ இல்லையோ, என் கடைக்கு ரொம்ப நல்லது."

"நான் போயிட்டா கடையை எப்படிம்மா நடத்துவீங்க?" என்று கடைசி நம்பிக்கையோடு கேட்டாள்.

"என் தங்கச்சி மகளை வரச் சொல்லிட்டேன். உன் வீட்டுக்காரர் செவ்வாய்க்கிழமையே போன் பண்ணிச் சொல்லிட்டாரே!"

வெள்ளிக்கிழமை அவள் லீவு போட்டாள். கணவரும் மகளும் கிளம்பிப் போனபின் சாப்பாட்டு மேசையில் கைபேசியோடு உட்கார்ந்தாள். யாரும் தடுக்காவிட்டால் என்ன, என்னை நானே தடுத்துக்கொள்கிறேன் என்ற வீம்பில், 'ஒத்திவைக்கிறேன்' என்பதை ஓங்கி அழுத்தினாள். அழுத்தினால் காரியம் முடிந்தது என்று பார்த்தால், காரணம் என்ன என்று கேட்டு ஒரு வெள்ளைக் கட்டம் திறந்துகொண்டது.

'வீட்டில் சமைக்க ஆளில்லை' என்று எழுதினாள். அடுப்படியில் மதியச் சாப்பாடு பாத்திரம் பாத்திரமாக மூடி வைக்கப்பட்டிருந்தது. அழித்தாள். 'மாமனாருக்குக் கண் அறுவை சிகிச்சை' என்று எழுதினாள். அடுத்த அறையிலிருந்து மாமனார் ஒற்றைக் கண்ணால் பேப்பரின் பொடி எழுத்து விளம்பரங்களைக்கூட விடாமல் உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். அதையும் அழித்தாள். வேறு ஒன்றும் அகப்படவில்லை. எரிச்சலில், 'பயமாக இருக்கிறது' என்று எழுதி அனுப்பிவிட்டாள்.

வேலைக்குப் போயிருக்கலாமோ என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கும்போதே போன் வந்தது.

"காலேஜ் அட்மிஷன் செக்‌ஷன்லேர்ந்து பேசறேன். ஒத்திவைக்கச் சொல்லிக் கேட்டிருக்கீங்க. காரணம் 'பயமாக இருக்கிறது'ன்னு வந்திருக்கு. நீங்க எழுதினதா, வீட்டுல குழந்தைங்க விளையாடினதா?"

"நான்தாங்க எழுதினேன்."

"எங்க கம்ப்யூட்டர்ல அந்தக் காரணம் கிடையாதும்மா. உடல்நிலை, குடும்பச் சூழ்நிலை, பிரசவம், ராணுவ சேவை. இதுல எதைப் போடட்டும்?"

"உடம்பு நல்லாத்தான் இருக்கு."

"சரி, குடும்பம்?"

"அவங்கதாங்க போ போன்னு விரட்டறாங்க!"

"பிரசவம்?"

"ஐயோ, அதெல்லாம் இல்லைங்க!"

"ராணுவம் வேணாம், சர்ட்டிஃபிகேட் கேப்பாங்க." அந்த முனையில் அவர் கொட்டாவி விடுவது கேட்டது. "எதுக்கும்மா பயம்? மாட்டைப் பாத்தா?"

நாலு நாளாக ஊரையே சுற்றி வந்தவளிடம் இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை. அவளும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

"மாட்டுக்கெல்லாம் பயமில்லைங்க," என்றாள். "என் பொண்ணு வயசுப் பிள்ளைங்களோட உக்காரணும். வாத்தியார் கேள்வி கேட்டு நான் முழிச்சேன்னா, எல்லாரும் சிரிப்பாங்க இல்ல?"

"சிரிப்பாங்க" என்றார் அவர், மறுபேச்சில்லாமல்.

அவர் ஆறுதலாக ஏதாவது சொல்லுவார் என்று காத்திருந்தாள். "அம்மா, எனக்குச் சாப்பாட்டு நேரம். காரணம் இல்லாம இதை ஒத்திவைக்க முடியாது. நான் சாப்பிட்டு வரதுக்குள்ள ஏதாவது ஒரு முடிவு பண்ணுங்க" என்று வைத்துவிட்டார்.

அவள் கைபேசியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சிரிப்பார்கள். அவ்வளவுதானே? நேற்றுத்தான் ஒரு வக்கீல் நாயின் மீசையைச் சிரைத்திருக்கிறாள். அதைவிடக் கேவலமாக இன்னும் என்ன நடந்துவிடப் போகிறது? நினைத்ததும் அவளுக்கே சிரிப்பு வந்தது. அடுத்த அறையில் மாமனார் வீட்டுமனை விளம்பரம் படித்துக்கொண்டிருந்தார். அது முடிவதற்குள் 'ஏற்கிறேன்' என்பதை அழுத்திவிட்டாள்.

அட்மிஷன் செக்‌ஷன்காரர் சொன்னது பொய்க்கவில்லை. முதல் வாரமே ஆட்டைப் பிடிக்கச் சொன்னார்கள். ஆடு அவளைச் சேற்றில் தரதரவென்று தொழுவத்தின் மறுகோடி வரை இழுத்துக்கொண்டு போனது. வகுப்பே சிரித்தது. எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், சிரித்துக் கொண்டிருந்தவர்களில் இருவர் ஏற்கெனவே சேற்றில் கிடந்தார்கள். அறைத் தோழியான பதினெட்டு வயதுப் பெண் முதலில் 'ஆன்ட்டி' என்றாள், பிறகு 'அக்கா' என்றாள். வேதியியல் பரீட்சையில் இருவரும் சேர்ந்தாற்போல் தோற்ற பின்பு 'ஏய்' என்று கூப்பிட ஆரம்பித்தாள். இரண்டாம் தடவை இருவரும் தேறினார்கள். இப்போது மூன்றாம் வருஷம் நடக்கிறது.

சனிக்கிழமைகளில் வீட்டுக்கு வருகிறாள். போன வாரம் வந்தபோது கணவர் புதிதாக ஏதோ பிரமாதமாகச் சமைத்திருந்தார். நாலு பேரும் உட்கார்ந்தார்கள். வயிறு உப்பிய மாட்டின் விலாவில் எந்த இடத்தில் குத்திக் காற்றை இறக்க வேண்டும், இறக்கும்போது கூடவே என்னவெல்லாம் வெளியே வரும், அது எந்த நிறத்தில் இருக்கும் என்று அவள் உற்சாகமாகக் கைகாட்டி விளக்கினாள். முதலில் மகள் தட்டைத் தூக்கிக்கொண்டு தன் அறைக்குப் போனாள். கணவர் தண்ணீர் குடிக்கப் போனவர் திரும்பவில்லை. மாமனார் மட்டும் கொஞ்ச நேரம் கௌரவமாக உட்கார்ந்து பார்த்தார், பிறகு கண் கூசுகிறது என்று சொல்லி அவரும் எழுந்துவிட்டார்.

ஹாஸ்டல் சாப்பாட்டில் நாக்குச் செத்துப்போய் வந்திருந்தவள், மேசையில் மிச்சமிருந்த எல்லாவற்றையும் ஒற்றை ஆளாகத் தின்று தீர்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரை தூங்கினாள்.