லிஃப்ட்டுக்காரர் பிள்ளையின் பேர்

லிஃப்ட் மெக்கானிக்குக்குப் பொய் சொல்ல வராது. ஆயுசுக்கும் சொன்னது ஒரே ஒரு பொய். அதையும் பெற்ற பிள்ளையின் பேரில் கொண்டுபோய் வைத்தார்.

மனைவிக்குப் பிரசவ வலி எடுத்த அன்று ஆஸ்பத்திரி லிஃப்ட்டில்தான் மேலே போக வேண்டியிருந்தது. நோயாளிகளை அடிக்கடி அந்தரத்தில் தொங்கவிடும் லிஃப்ட் அது. ரிப்பேர் பார்ப்பதே இவர்தான் என்பதால் அதன் யோக்கியதை அத்துப்படி. ஸ்ட்ரெச்சரைப் பிடித்தபடி, கதவடியில் மிதித்து ஏறும் இரும்புப் பட்டையில் பொறித்திருந்த வார்த்தையையே வெறித்துக்கொண்டு நின்றார். முக்கி முனகி அது மேலே போய்ச் சேர்ந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அந்த வார்த்தையையே பிள்ளைக்கு வைத்தார்.

"புதுசா இருக்கே மாமா, என்ன அர்த்தம்?" என்றார் மைத்துனர்.

"உயரத்துக்குப் போறவன்னு அர்த்தம் மச்சான். ஏதோ பழைய பாஷை."

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளும் போய்ச் சேர்ந்த பிறகு விஷயம் தெரிந்தவர் இவர் ஒருவர்தான்.

பையனோ அந்த அர்த்தத்தை நெஞ்சில் குத்திய மெடல் மாதிரி சுமந்து வளர்ந்தான். கட்டிக்கொள்ளப் போகிறவளிடமும் அதைச் சொல்லித்தான் பீற்றினான். புது ஆபீஸில் லிஃப்ட் கதவு திறந்தது. காலடியில் அவன் பேர். கூட வந்தவர்கள் சிரித்த சிரிப்பில் லிஃப்ட்டே ஆடியது.

அன்று வீட்டுக்குள் ஷூவைக்கூடக் கழற்றாமல் வந்தான்.

"ஏம்ப்பா, லிஃப்ட் கம்பெனி பேரையா எனக்கு வச்சே?"

"அன்னைக்கு அது நின்னிருந்தா நீயும் இல்ல, உங்கம்மாவும் இல்லடா."

"எல்லாரும் என் பேரை மிதிச்சிட்டுத்தான் ஏறுறாங்க. என்னைப் பாத்தா, 'மேல போறியா, கீழ போறியா'ன்னு கேக்குறாங்கப்பா!"

பாவி மனுஷன், சிரித்துத் தொலைத்தார். அடக்கத்தான் பார்த்தார், முடியவில்லை.

மறுநாளே பையன் பெட்டியைக் கட்டினான். சில மாதம் கழித்து மைத்துனர் வந்தார்.

"பேரை மாத்திட்டான் மாமா."

"என்ன பேரு?"

மைத்துனர் தரையைப் பார்த்தார். "உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான்."

ஒரு மத்தியானம் வேலைக்குப் போன இடத்தில், எதிர்ப்புற பஸ் ஸ்டாப்பில் பையன் நின்றிருந்தான். இளைத்திருந்தான். மெக்கானிக் அடிவயிற்றிலிருந்து பழைய பேரைச் சொல்லிக் கத்தினார். யார் யாரோ திரும்பினார்கள். அவன் தோள் மட்டும் லேசாக விறைத்தது.

இன்னொரு தடவை கூப்பிட வாயெடுத்தார். எதைச் சொல்லிக் கூப்பிடுவது? பஸ் வந்தது. அவன் ஏறி, இவர் கண்ணில் படாத அந்தப் பக்கத்து ஜன்னலோரமாக உட்கார்ந்துகொண்டான்.