அவள் கைக்கு ஏற்ற நிப்பு

என் தம்பி பொய்ப்பல் செய்பவன். பல் மருத்துவர்கள் அனுப்பும் வாய் அச்சுகளை வைத்துக்கொண்டு பல் செட் கட்டிக் கொடுக்கும் கூடம் ஒன்றில் இருபத்தெட்டு ஆண்டுகளாக வேலை பார்க்கிறான். அங்கே அவனை யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. எந்தப் பல்லைக் கையில் எடுத்தாலும் பூதக்கண்ணாடியைக் கண்ணில் பொருத்திக்கொண்டு, "இன்னும் அரை மில்லி தேய்க்கணும்" என்பான். அதனால் 'அரைமில்லி' என்பதே அவனுக்குப் பெயராகிவிட்டது. வீட்டிலும் அவன் அப்படித்தான். கதவு உரசினால் கதவைத் தேய்ப்பான். நாற்காலி ஆடினால் அதன் காலைத் தேய்ப்பான். அவன் மனைவி ஒருமுறை என்னிடம், "அண்ணி, நான் ஒரே இடத்துல ரொம்ப நேரம் உக்கார்றதே இல்ல. உங்க தம்பி என்னையும் தேய்ச்சுடுவார்" என்றாள். அவளுக்குக் குரல் இருந்த காலம் அது.

அவள் பொது நூலகத்தில் வேலை பார்த்தவள். வந்து சேரும் புத்தகங்களைத் தடித்த பதிவேட்டில் ஒவ்வொன்றாக எழுதி எண் கொடுப்பது அவளுடைய பொறுப்பு. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் வாங்கிய மைப்பேனா ஒன்றையே முப்பது ஆண்டுகளும் வைத்திருந்தாள். ஐம்பத்தாறாவது வயதில் தொண்டையில் புற்று வந்தது. அறுவைச் சிகிச்சை செய்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தின் அடியில் மூச்சுவிடுவதற்கு ஒரு துளை இருந்தது. பேசுவதற்கு ஒன்றும் இல்லை.

வீடு திரும்பிய மறுநாளே நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டாள். முதல் பக்கத்தில் அவள் எழுதியது இது: "முப்பது வருஷம் ஊரையே சத்தம் போடாதீங்கன்னு அடக்கினேன். இப்ப என்னையே அடக்கிட்டாங்க."

பேசியது போலவே எழுதினாள். பேசிய வேகத்திலேயே எழுதினாள். அவன் வாயால் கேட்பான். அவள் தாளில் பதில் சொல்வாள். "டீயில சர்க்கரை போதுமா?" என்று கேட்டால், "டீ எங்க?" என்று எழுதிக் காட்டுவாள். அவன் சிரித்துக்கொண்டே மறுபடியும் அடுப்படிக்குப் போவான். ஓராண்டில் ஏழு நோட்டுகள் நிரம்பின.

பிறகு நோய் நுரையீரலுக்குப் போனது. ஆறு மாதம், கூடினால் எட்டு மாதம் என்று மருத்துவர் என் தம்பியிடம் மட்டும் சொன்னார். அவன் வெளியே வந்ததும் அவள் நோட்டை நீட்டினாள்: "தனியாக் கூப்பிட்டப்பவே தெரியும். நீங்க வேற திருடன் மாதிரி முழிச்சுக்கிட்டு வர்றீங்க."

அப்போது கொடுத்த மருந்தில் அவளுடைய விரல் நுனிகள் மரத்துப்போயின. கைப்பேசியில் ஒன்றைத் தொட்டால் வேறொன்று பதிந்தது. பந்துமுனைப் பேனாவை அழுத்த வலுவில்லை. தாளில் சும்மா வைத்தாலே எழுதியது அந்தப் பழைய மைப்பேனா ஒன்றுதான். அவளுடைய பேச்சு முழுவதும் அதன் நுனியில்தான் இருந்தது. அது என் தம்பிக்கும் நன்றாகத் தெரியும். தெரிந்ததனால்தான் அந்தத் தவற்றைச் செய்தான்.

மூன்று நாள் மருந்து ஏற்றுவதற்காக அவளை மருத்துவமனையில் வைத்திருந்தார்கள். துணைக்கு நான் இருந்தேன். அங்கே தொலைந்துவிடும் என்று பேனாவை வீட்டிலேயே விட்டு வந்திருந்தாள். இவன் வீட்டில் தனியாக உட்கார்ந்து அந்தப் பேனாவை எடுத்து எழுதிப் பார்த்திருக்கிறான். கரகரவென்று தாளைக் கீறியது. பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்தான். நிப்பின் நுனி ஒரு பக்கம் சரிந்து, கடைவாய்ப்பல் தேய்ந்தது போல் இடப்புறம் மழுங்கியிருந்தது. மரத்த விரல்களோடு அவள் இதை வைத்துக்கொண்டு பாடுபடுகிறாளே என்று அவனுக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. பல்லுக்கு மெருகேற்றும் மிக மெல்லிய உப்புத்தாளை மேசையில் விரித்து, நுனியை வட்டம் வட்டமாகத் தேய்த்தான். எழுதிப் பார்த்தான், மீண்டும் தேய்த்தான். கடைசியில் அவன் கையில் பேனா தாளைத் தொடுவதே தெரியாமல் ஓடியது. மைப்புட்டியைத் துடைத்து, பேனாவையும் துடைத்து, அவளுடைய தலைமாட்டில் வைத்தான்.

அவள் வந்து படுத்ததும் முதலில் பேனாவைத்தான் எடுத்தாள். தண்ணீர் வேண்டும் என்று எழுத முனைந்தாள். தாளில் எழுத்துகளின் வால்கள் மட்டும் விழுந்தன, தலைகள் விழவில்லை. மறுபடியும் எழுதினாள். மறுபடியும் வால்களே வந்தன. பேனாவைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு இரண்டு கைகளாலும் பிடித்து, முழு பலத்தையும் கொடுத்து எழுதினாள்: "யாரு தொட்டா?"

"நான்தாம்மா. கரகரன்னு இருந்துதேன்னு கொஞ்சம்…"

"உங்களுக்குத்தான் கரகர. எனக்கு இல்ல."

அவள் இன்னும் ஒரு வரியை அழுத்தி எழுதி, நோட்டை அவன் பக்கம் தள்ளினாள்: "என் கையையே தேய்ச்சுட்டீங்க."

நடந்தது இதுதான். அவள் பேனாவைச் சற்றே இடப்பக்கம் சாய்த்துப் பிடிப்பவள். முப்பது ஆண்டுகளில் நிப்பு அந்தச் சாய்வுக்கே பழகி, அந்தப் பக்கம் தேய்ந்து, அவள் கைக்கு மட்டும் வழவழப்பாக இருந்தது. வேறு யார் பிடித்தாலும் கீறத்தான் செய்யும். இவன் அந்தச் சாய்வைக் குறை என்று எண்ணி எடுத்துவிட்டான். நிப்பின் நடுவில் ஒரு பிளவு உண்டு; மை அதன் வழியாக வந்து தாளைத் தொடுகிறது. நுனியை அளவுக்கு மீறி உருட்டினால் பிளவின் ஓரங்கள் உள்வாங்கிவிடும். மை தாளுக்கு ஒரு மயிரிழை மேலேயே நின்றுவிடும். அழுத்தினால்தான் இறங்கும். இவனுக்கு அழுத்தி எழுதும் கை, அதனால் தெரியவில்லை. அவளுக்கு அழுத்தும் வலு இல்லை.

அன்றிலிருந்து அவள் எழுதவில்லை. தண்ணீருக்குக் குவளையைக் காட்டுவாள்; வலிக்கு வலிக்கும் இடத்தைக் காட்டுவாள். மற்ற எதற்கும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள்.

அவன் அந்தப் பேனாவில் பொருந்தக்கூடிய நிப்புகளைத் தேடித் தேடி வாங்கினான். மெல்லியது, நடுத்தரம், பட்டை, சாய்வெட்டு என்று பதினொன்று சேர்ந்தன. பிளவைச் சிறிது விரித்தால் மை கூடியது. அதற்குமேல் விரித்தால் எழுத்து ஊறிப் பரவியது. பட்டை நிப்பு அழுத்தம் கேட்கவில்லை. ஆனால் சிறிது திரும்பினாலும் எழுத மறுத்தது. ஒவ்வொன்றையும் மதிய உணவு வேளையில் கூடத்திலேயே தேய்த்து, எழுதிப் பார்த்து, எது எப்படி என்று ஒரு தாளில் குறித்து வைத்தான். இது தவறாது என்று நம்பியதை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தான். அவள் வாங்கி ஒரு கோடு இழுப்பாள். கோடு பாதியில் அறுந்துவிடும். மூடியைக்கூடப் போடாமல் திருப்பிக் கொடுப்பாள். இப்படியே ஐந்து வாரங்கள் போயின. ஆறு மாதத்தில் ஐந்து வாரங்கள்.

கூடத்தில் வாய் அச்சுகளில் மாவுக்கட்டு மாவைக் குழைத்து ஊற்றும் பெண்மணி ஒருவர் உண்டு. 'மாவு அக்கா' என்பார்கள். அவர்தான் ஒருநாள் இவன் மேசைக்கு வந்து நின்றார்.

"ஏன் அரைமில்லி, ஒண்ணு கேக்குறேன். நீ கட்டுற பல் செட்டையெல்லாம் உன் வாயிலயா மாட்டிப் பாக்குற?"

"அது எப்படிக்கா முடியும்? அவங்க வாயில வச்சுத்தானே கடிமானம் பாக்கணும்?"

"அப்போ இதுக்கு மட்டும் ஏன் உன் கையில எழுதிப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்க?"

அவன் தேய்த்துக்கொண்டிருந்ததை அப்படியே வைத்துவிட்டு எழுந்தான். அவன் தொழிலில் முதல் நாள் சொல்லித்தரும் பாடம் அது. பல் கட்டியவுடன், மருத்துவர் அதை உரியவர் வாயில் பொருத்தி, மெல்லிய நீலத்தாளை வைத்துக் கடிக்கச் சொல்வார். நீலம் எங்கே படிகிறதோ அங்கே மட்டும் கூடத்தில் தேய்ப்பார்கள். இருபத்தெட்டு ஆண்டுகளாக ஊரார் வாய்க்கெல்லாம் அந்த நீலத்தைப் பார்த்தே தேய்த்தவன், தன் மனைவியின் கைக்குச் செய்யவில்லை.

அன்று பிற்பகல் நான் அவர்கள் வீட்டில் இருந்தேன். ஒரு தட்டில் பட்டை நிப்பு மாட்டிய பேனா, பூதக்கண்ணாடி, உப்புத்தாள் துண்டுகள் ஆகியவற்றோடு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். பேனாவில் மை இல்லை. அவள் மடியில் அட்டையை வைத்து, அதன்மேல் உப்புத்தாளை வைத்தான்.

"இதுல எழுது. எப்பவும் எழுதுற மாதிரியே. நான் தொடல."

அவள் என்னைப் பார்த்தாள். இவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டதா என்று கேட்கும் பார்வை. பிறகு எழுதினாள். மையில்லாத பேனா உப்புத்தாளில் முணுமுணுத்துக்கொண்டே போயிற்று. பத்து வரிக்கு ஒருமுறை அவன் வாங்கிப் பார்ப்பான்; நிப்பை மையில் தோய்த்து, தாளில் கோடு இழுக்கச் சொல்வான்; துடைத்துத் திருப்பிக் கொடுப்பான். அவள் களைத்தால் நிறுத்துவான். இரண்டு பிற்பகல்கள் இப்படிக் கழிந்தன. அவளுடைய கையே அந்த நிப்பைத் தனக்கு வேண்டிய சாய்வில் தேய்த்துக்கொண்டது.

இரண்டாம் நாள் மாலை, கோடு அறுபடவில்லை. அவள் கோட்டை நிறுத்தாமல் அப்படியே எழுத்தாக்கினாள்: "போதும். இனிமே இதைத் தொட்டீங்க, கையை ஒடிச்சுடுவேன்."

அவன் அதைப் படித்துவிட்டு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான். அவள் துண்டைப் பிடித்து இழுத்தாள். "உப்புத்தாள்ல என்ன எழுதினேன்னு கேக்க மாட்டீங்களா?"

"என்ன எழுதின?"

"ரெண்டு நாளும் உங்களைத் திட்டித்தான். ஒரு வார்த்தை விடல. இப்ப மனசு லேசா இருக்கு."

அதன்பின் பதினொரு நாட்கள் எழுதினாள். பெரிதாக ஒன்றும் இல்லை. தலையணையைச் சற்று உயர்த்துங்கள். சன்னலுக்கு எதிரே துணி காயப்போடாதீர்கள், வானம் மறைகிறது. அண்ணி புடவை நன்றாக இருக்கிறது என்று அவர்களிடம் சொல்லிவிடாதீர்கள், தலைகால் தெரியாது. ஒன்பதாம் நாள் மட்டும் நெடுநேரம் எழுதினாள்.

"பென்சில் இருந்துச்சு. கோணலா வந்திருக்கும், ஆனா வந்திருக்கும். நான் எழுதல. கோவம். நீங்க தவிக்கணும்னே இருந்தேன். அஞ்சு வாரம். இப்ப எண்ணிப் பாத்தா பயமா இருக்கு."

"நான் தேய்க்காம இருந்திருந்தா எதுவுமே ஆகியிருக்காதும்மா."

அவள் நோட்டைத் திருப்பி வாங்கி எழுதினாள்: "சரி விடுங்க. ரெண்டு பேரும் சேர்ந்தே வீணாக்கினோம். கல்யாணம் ஆகி நாம சேர்ந்து செஞ்ச ஒரே வேலை."

பன்னிரண்டாம் நாள் காலை, விரல்கள் பேனாவைச் சுற்றி மடங்கவில்லை. அவன் பேனாவின் உடலில் துணி சுற்றித் தடிப்பாக்கிக் கொடுத்தான், நழுவியது. ரப்பர் பட்டையால் விரலோடு சேர்த்துக் கட்டிப் பார்த்தான்; கை எழவில்லை. இனித் தேய்ப்பதற்கு ஏதுமில்லை என்று அவனுக்குப் புரிந்தது. பேனாவைக் கழுவித் துடைத்து வைத்தான்.

அதற்குப் பிறகு அவன் நோட்டுகளை எடுத்துவந்து, முதல் நோட்டிலிருந்து அவளுக்கே படித்துக் காட்டத் தொடங்கினான். அதில் ஒரு சங்கடம் இருந்தது. நோட்டில் இருந்தது அவளுடைய பேச்சு மட்டுமே. அவன் கேட்டவை காற்றோடு போய்விட்டன. "அதெல்லாம் உங்க அம்மா வீட்டுப் பழக்கம்" என்று ஒரு வரி இருக்கும். எதற்கு அப்படிச் சொன்னாள்? தான் கேட்டிருக்கக்கூடியதை அவன் யோசித்துச் சொல்லிவிட்டு, பிறகு அவளுடைய வரியைப் படிப்பான். கேள்வி தவறானால் அவள் ஒரு விரலால் கட்டில் சட்டத்தைத் தட்டுவாள். அவன் வேறொன்றை யோசிப்பான். சரியென்றால் தட்டமாட்டாள், அவன் அடுத்த வரிக்குப் போவான். அவளுடைய கேலியை அவன் மென்மையாகப் படித்தாலும் தட்டுவாள். அவன் குரலை உயர்த்தி, அவளைப் போலவே நீட்டி முழக்கித் தன்னைத் தானே திட்டிக்கொள்வான். அவள் தோள்கள் ஓசையில்லாமல் குலுங்கும்.

ஒரு நாளைக்கு இருபது, முப்பது பக்கங்கள் படித்தார்கள். மூன்று நோட்டுகள் முடிந்தன.

நான்காவது நோட்டின் நடுவில், ஒரு புதன்கிழமை காலை, நான் டீயோடு உள்ளே வந்தபோது அவன் படித்துக்கொண்டிருந்தான். தன் கேள்வியைச் சொல்லிவிட்டு, சரிதானா என்று அவள் விரலைப் பார்த்தான். விரல் தட்டவில்லை. அவளுடைய வரியைப் படித்தான். அடுத்த கேள்வியைச் சொன்னான். மறுபடியும் விரலைப் பார்த்தான். அதற்கும் தட்டவில்லை. இன்றைக்கு ஒன்றுகூடத் தவறவில்லை என்று என்னிடம் திரும்பிப் பெருமையாகச் சொன்னான். நான் அவள் கழுத்தைப் பார்த்தேன்; துளையில் மூச்சு இல்லை.

அப்படியே மூன்று பக்கங்கள் படித்திருந்தான்.