ஐஸ் வைத்த ரத்தம்

அன்று வார்டில் இருந்தவர்கள்... டியூட்டி டாக்டர், மலையாளி. பிந்து சிஸ்டர். எஸ்டேட் ஜீப் ஓட்டும் பாண்டி. கட்டிலில் என் வீட்டுக்காரி பேச்சியம்மாள். பக்கத்தில் நான்.

லேப் பொண்ணு கடைசியாக வந்தது. அதைப் பற்றித்தான் இந்த வாரக் கட்டுரை.

பேச்சிக்கு பிரஷர். காலையில் எஸ்டேட் டிஸ்பென்சரியில் ரத்தம் எடுத்தார்கள். பாண்டி அதை மலைக்குக் கீழே சர்க்கார் ஆஸ்பத்திரியில் கொடுத்தான். மதியம் போன். ரத்தத்தில் பொட்டாசியம் ஆறே முக்கால், உடனே கூட்டி வாருங்கள் என்றார்கள். அஞ்சுக்குள் இருக்க வேண்டுமாம். இவ்வளவு ஏறினால் இதயம் நின்றுவிடுமாம்.

"உப்பில்லாமக் கொழம்பு வையின்னாக. வச்சேன்" என்றாள் பேச்சி. "இப்ப வேற ஏதோ உப்பு கூடிப்போச்சுங்காக."

டாக்டர் ஊசி எழுதிவிட்டார். மெடிக்கல் காலேஜுக்குப் போக வாசலில் ஆம்புலன்ஸ். சிஸ்டர் கையில் சிரிஞ்ச்.

அப்போதுதான் லேப் பொண்ணு உள்ளே வந்தது.

"டாக்டர், அந்த நம்பர் நான் கொடுத்தது இல்ல. புதுசா வந்தவங்க அவசரப்பட்டுப் போன்ல சொல்லிட்டாங்க. நான் கையெழுத்துப் போடல."

"இ.சி.ஜி. நல்லாத்தான் இருக்கு. ஆனாலும் ஆறே முக்கால் கேட்டிட்டு நான் எங்ஙனே சும்மா இருக்கும்?" என்றார் டாக்டர்.

"சாம்பிள் ஐஸ்ல புதைஞ்சு வந்துருக்கு. சீரம் பிரிக்காத ரத்தத்தை அப்படிக் குளிர வச்சா செல்லுக்குள்ள இருக்கிற பொட்டாசியம் வெளிய கசியும். இவங்களுக்கு நிஜமா அது கூடலேன்னா, குறைக்க ஊசி போடுறதுதான் ஆபத்து."

எல்லோரும் பாண்டியைப் பார்த்தோம்.

"மீனுக்கே ஐஸ் போடுதோம்" என்றான் பாண்டி. "மனுச ரத்தத்துக்குப் போடாம இருக்க முடியுமா?"

"மீன் செத்தது, அண்ணே. ரத்தம் உசுரோட வரணும். நாளையிலருந்து ஐஸ் வேண்டாம். எடுத்ததும் நேரா லேப்புக்கு வாங்க."

பிறகு டாக்டரிடம் திரும்பியது. "ஊசி நிக்கட்டும். மானிட்டர் மாட்டுங்க. புதுசா ரத்தம் எடுத்து நானே பார்க்குறேன். அரை மணி நேரம்."

"தப்பாப் போனா?" என்றார் டாக்டர்.

"நான்தான் நிறுத்தச் சொன்னேன்னு எழுதிக்கோங்க. முத்துமாரி. சயின்டிஸ்ட்."

சிஸ்டர் எழுதினார். டாக்டர் சிரிஞ்சை வாங்கி டிரேயில் வைத்தார்.

பேச்சி கையை நீட்டினாள். "சயின்டிஸ்ட்டுன்னா ராக்கெட் விடுறவுகல்லா?"

"இது சின்ன ராக்கெட்தான். கையை மடக்குங்கம்மா."

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏம்மா, நிச்சயமாத் தெரியுமா?"

"நிச்சயம்னா மறுபடி எதுக்கு டெஸ்ட், அண்ணாச்சி? சந்தேகப்படுறதுதான் என் வேலை."

அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பேச்சி மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். யோசித்தேன். ஸ்டெதஸ்கோப் வந்தால் எழுந்து நிற்கிறோம். மைக்ரோஸ்கோப்போடு இருப்பவரிடம் 'ரிசல்ட் ஆச்சா?' என்று மட்டும் கேட்கிறோம். பேர் கேட்டோமா? நானும் கேட்டதில்லை.

ஒவ்வொரு சர்க்கார் ஆஸ்பத்திரியிலும் இப்படி ஒருவர் வேண்டும். ஆள் இருந்தால் மட்டும் போதாது... அவர் நிறுத்தச் சொன்னால் டாக்டரும் நிறுத்த வேண்டும். இங்கே நிறுத்தினார்.

முத்துமாரி வந்தார். கையில் கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட். நான் எழுந்து நின்றேன்.

டாக்டர் வாங்கி, பேச்சிக்குக் கேட்கும்படி வாசித்தார்.

நாலு புள்ளி ரெண்டு.