முன்கண்ணாடி இல்லாத பஸ்

ஆபீஸில் அவளுக்குக் காத்துக்காரி என்று பெயர். இரும்பு ஷெட் போட்டுத் தரும் கம்பெனி அது. எந்தக் கூரையைக் காற்று என்ன பாடு படுத்தும் என்று கணக்குப் போட்டுச் சொல்வது அவள் வேலை. நாலு பக்கமும் திறந்த ஷெட் அவளுக்குச் செல்லப்பிள்ளை. காற்று வரும், போகும், வம்பு வழக்கு கிடையாது. முழுக்க மூடியதும் பரவாயில்லை. மூன்று பக்கம் மூடி ஒரு பக்கம் மட்டும் திறந்திருக்கிறதே, அதுதான் வில்லங்கம். உள்ளே புகுந்த காற்று போக வழியில்லாமல் கூரையைக் கீழிருந்து முட்டும். மேலே ஓடுகிற காற்று அதே கூரையைப் பிடித்து இழுக்கும். இரண்டும் கூட்டுச் சேர்ந்தால் கூரை கிளம்பிவிடும். இதைக் கஸ்டமரிடம் முகத்துக்கு நேரே சொல்ல அவள் ஒருநாளும் தயங்கியதில்லை.

அப்பேர்ப்பட்ட கறார்க்காரி, ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சொந்த வீட்டு வாசலில் வாயடைத்து நின்றாள்.

வீட்டை ஒட்டி கார் இல்லாத கார் ஷெட் ஒன்று உண்டு. நாலு கால், மேலே தகரம், அவ்வளவுதான். அதில்தான் மாமனாரின் கட்டில். காலமெல்லாம் பஸ் ஓட்டியவர். பக்கவாதம் வந்து இடது கை விழுந்து, இப்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாக அசைய ஆரம்பித்திருந்தது. அவரோ இடது கைப் பழக்கக்காரர். அறைக்குள் முடங்க மாட்டேன், ரோட்டில் போகிற பஸ்ஸைப் பார்க்கணும் என்று அடம்பிடித்து ஷெட்டுக்குக் குடிவந்தவர், சாரல் அடிக்கிறதென்று அன்று மூன்று பக்கமும் தகரம் அடைத்திருந்தார். மகன் தகரத்தைப் பிடித்துக்கொள்ள, திருப்புளி பிடித்தது அவர்.

"பாரும்மா! எல்லா ஸ்க்ரூவும் இந்தக் கையாலதான்!" நடுங்குகிற இடது கையைத் தூக்கிக் காட்டினார். முகமெல்லாம் சிரிப்பு.

"சூப்பர் மாமா" என்றாள். உள்ளே போய்ப் புருஷனைப் பிடித்துக்கொண்டாள்.

"உனக்காவது அறிவு வேண்டாம்? நாளைக்குப் பெரிய காத்து வருதுன்னு டிவியில கத்தறாங்க. அவரை உள்ள கூட்டிட்டு வந்துடலாம். ஆனா கூரை பறந்து பக்கத்து வீட்டுல விழுந்தா?"

"ஊருக்கே சொல்றவதானே நீ. அவர்கிட்டயும் சொல்லிடு."

"நீ சொல்லேன்."

அவன் தலையைச் சொறிந்துகொண்டு நகர்ந்துவிட்டான்.

சொல்வது மட்டுமா கஷ்டம்? அவர் கைக்கு இறுக்குகிற பக்கம்தான் திருகத் தெரியும். திறக்கிற பக்கம் இன்னும் வரவில்லை. தினமும் காலையில் அவருடைய தண்ணி பாட்டிலைத் திறந்து வைப்பது அவள்தான். தகரத்தை வேறு யாரோ கழற்ற, அவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதா?

ஞாயிறு காலை சுற்றி வளைத்துப் பார்த்தாள். "மாமா, முன்னாடியும் ஒரு கதவு போட்டுடலாமா?"

"அப்புறம் அது ரூம் ஆயிடும்மா. பஸ்ஸு எங்கேர்ந்து தெரியும்?"

இனி மழுப்பிப் பயனில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "மாமா, ஒரு பஸ்ஸுல முன்கண்ணாடி உடைஞ்சுபோச்சு. மத்த ஜன்னல் எல்லாம் மூடியிருக்கு. நீங்க வேகமா ஓட்டுவீங்களா?"

"பைத்தியமா? பின்கண்ணாடி பிச்சுக்கிட்டுப் போயிடும். ஜன்னலைத் திறக்கச் சொல்லித்தான்..." பாதியில் நிறுத்தினார். கூரையைப் பார்த்தார். பிறகு பின்பக்கத் தகரத்தைப் பார்த்தார். முகம் சுருங்கிப்போயிற்று.

"என்னையே முன்கண்ணாடி இல்லாத பஸ்ஸுல படுக்க வச்சுக்கிட்டேனா?"

"பின்பக்கம் மட்டும் கழட்டினா போதும் மாமா. நான் கழட்டறேன்."

"போட்டவன் நான். திருப்புளியை எடு."

முதல் ஸ்க்ரூ அவரைப் பாடாய்ப் படுத்தியது. திருப்புளி வழுக்கியது, கீழே விழுந்தது, மறுபடி வழுக்கியது. அவள் கை தன்னால் நீண்டது.

"கையை எடும்மா."

எடுத்துக்கொண்டாள். தகரத்தைத் தாங்கிப் பிடித்து, அவர் முகத்தைப் பார்க்காமல் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். எத்தனையோ பஸ் போயிற்று. அவர் ஒன்றைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. கடைசியில் பின்பக்கத் தகரம் மொத்தமாக அவள் கைக்கு வந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. சட்டை நனைந்து உட்கார்ந்திருந்தார் மனிதர்.

சாயங்காலம் காற்று சொன்னபடி வந்தது. மூவரும் வீட்டுக்குள் ஜன்னலருகே நின்றார்கள். கூரை தடதடவென்று ஆடியது, கிளம்பவில்லை. தலையணை உறை ஒன்றுதான் பறந்துபோனது.

"முன்வாசல்ல ஏறிச்சு, பின்வாசல்ல இறங்கிடுச்சு. டிக்கெட்டே எடுக்கல பாரு" என்றார் மாமனார். அவள் சிரித்தாள். சிரிக்கும்போது கண்ணில் தண்ணி வந்துவிட்டது.

மறுநாள் காலை வழக்கம்போல் பாட்டிலைத் திறந்து வைக்கப் போனாள். மூடி ஏற்கெனவே கழன்று கட்டில்மேல் கிடந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கவனித்தவர், பாட்டிலை அவளிடம் நீட்டினார்.

"நல்லா இறுக்கி மூடிக் குடும்மா. இன்னொரு தடவை திறந்து காட்டறேன்."